ஐந்து கோடுகளும் நிறைந்திருந்தன

ஜூன் 2, திங்கள்

புதிய மிஷின் வந்துவிட்டது. வருகிறது, வருகிறது என்று ஒரு மாதமாக எங்கள் பச்சிளங்குழந்தை வார்டையே ஆட்டி வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று இருந்தது. ஆனால் வேலை கெட்டிக்கார வேலைதான்.

பிள்ளையின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சம் தோலையும் எலும்பையும் தாண்டி மூளைக்குள் போய்த் திரும்புகிறது. திரும்பி வந்த வெளிச்சத்தை வைத்து, மூளைக்குள் ஓடுகிற ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மிஷின் சொல்லிவிடும். டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கு சிவப்பாகத் தெரியுமே, அதே சங்கதிதான் என்றார் கம்பெனி ஆள்.

காலில் மாட்டுகிற கிளிப் எங்களிடம் ஏற்கெனவே உண்டு. அது உடம்பின் ஆக்சிஜனைச் சொல்லும். ஆனால் கால் சுகமாக இருக்கும்போதே தலைக்கு ரத்தம் குறையலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இது.

எண் அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் கத்தும். எண்ணுக்குப் பக்கத்தில் ஐந்து கோடுகள். கோடு குறைந்தால் ஸ்டிக்கரில் கோளாறு. ஐந்து கோடும் நிறைந்திருக்கும்போது எண் இறங்கினால் பிள்ளைக்குத்தான் கோளாறு. சின்னப் பெண்கள் மறந்துவிடுவார்கள் என்று இதைச் சிவப்புப் பேனாவால் எழுதி மிஷின் மேலேயே ஒட்டினேன். பத்தொன்பது வருட சர்வீஸ். சலோமி சிஸ்டர் எழுதினால் டாக்டர் எழுதின மாதிரி.

இரவு சப்பாத்தி. வீட்டுக்காரர் எட்வினுக்குப் பல்வலி.

ஜூன் 6, வெள்ளி

ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துகிறது. எல்லாம் இந்தத் திருஷ்டி மையால் வந்த வினை. ஆத்தாக்காரிகள் பால் கொடுக்க உள்ளே வருவார்கள், நான் திரும்புவதற்குள் பிள்ளை நெற்றியில் மை ஏறியிருக்கும். மை இருந்தால் மிஷினின் வெளிச்சத்தைக் குடித்துவிடும். கோடு இறங்கும், எண் இறங்கும், காது கிழியும்.

"கண்ணு பட்டுரும்லா சிஸ்டர்?" என்றாள் ஒருத்தி.

"யாரு கண்ணும்மா? இங்கன நானும் டாக்டரும்தான் இருக்கோம். எங்க கண்ணு என்ன கொள்ளிக்கண்ணா?"

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கமாட்டேன், நெற்றியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

இன்று ஏழு பிள்ளைகள், மூன்று நர்ஸ்கள். ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறது. முப்பத்து மூன்று வாரத்தில் பிறந்தது, ஒரு கிலோ அறுநூறு. மூச்சு விடத் தெரியவில்லை. குழாய் போட்டு மூச்சு மிஷினில் வைத்திருக்கிறோம்.

தாய் பெயர் இசக்கியம்மாள். பீடி சுற்றுகிற பெண், இருபத்தாறு வயது. ஆறு வருடத்தில் இரண்டு கலைந்து மூன்றாவது இது. புருஷன் சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டுகிறான், வாயைத் திறந்து பேசத் தெரியாதவன். அவனுக்கும் சேர்த்து அவன் அக்காள் பேச்சித்தாய் பேசுகிறாள். வந்ததும் முதல் கேள்வியே, "ராசியில்லாத வயிறு. இதாவது தங்குமா சிஸ்டர்?" என்பதுதான். இசக்கி பக்கத்தில்தான் நின்றாள். அந்த வாயில் இரண்டு போடலாம் போல இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

இசக்கி பிள்ளையின் மிஷின் கத்தியது. கோடு ஒன்றுதான். நெற்றியில் மை எங்கும் காணோம். ஸ்டிக்கரை உரித்தால் அடியில் பொட்டு! என் கண்ணில் படக்கூடாது என்று ஓரத்தைப் பைய உரித்து, உள்ளே வைத்து, திரும்ப ஒட்டியிருக்கிறாள். எங்கே வைக்கவே கூடாதோ அங்கே பார்த்து வைத்திருக்கிறாள் மகராசி.

வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "மையில என்னட்டி இருக்கு? ஒம் புள்ளைய மை காப்பாத்துமா, மிஷின் காப்பாத்துமா?" அவள் அழுதாள். எண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்த்திப் புது ஸ்டிக்கர் ஒட்டினேன். எழுபத்திரண்டு.

ஜூன் 16, திங்கள்

பெரிய அலைச்சல். இசக்கி பிள்ளைக்கு முடியாமல் போய்விட்டது. நுரையீரலுக்கு நேற்று ஊற்றிய மருந்து நன்றாக வேலை செய்துவிட்டது; அதனால் மூச்சு மிஷின் தேவைக்கு மேல் காற்றை அடித்திருக்கிறது. அப்படி அடித்தால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கும். பதினொன்றரைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. டாக்டர் ஷமீமா ஓடி வந்து குறைத்தார். நான்கு மணிக்கு வலிப்பு. மருந்து போட்டு நின்றது. உயிருக்கு ஆபத்தில்லை.

"தலை மிஷின் கத்தலையா சலோமி?" என்று டாக்டர் கேட்டார்.

நெற்றியில் மை இருந்தது என்று சொன்னேன். இருந்ததுதான். காலையில் அவள் வைத்திருந்தாள்.

தலைவலி. குளித்துவிட்டுப் படுக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டு விவரம் சொன்னார். மையினால் மிஷின் சரியாகப் படிக்காமல் போயிருக்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். பேச்சித்தாய் மெதுவாகவா கேட்பாள்? வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"சொன்னாவல்லா வைக்காதன்னு! பெத்த புள்ளைக்கு நீயே எமனா வந்துட்டியேட்டி!"

இசக்கி என்னிடம் வந்தாள். "ஆமா சிஸ்டர், காலைல எட்டு மணிக்கு நாந்தான் வச்சேன். ஸ்டிக்கருக்கு அடியில வச்சேன். புத்தி கெட்டு வச்சிட்டேன்" என்றாள். அழக்கூட இல்லை.

"சரி சரி, போய்ப் பால் எடுத்துட்டு வா" என்றேன்.

யூனிபாரம் துவைக்க நேரமில்லை. நாளைக்கும் இதையே போட வேண்டும்.

ஜூன் 18, புதன்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை.

ஜூன் 21, சனி

பிள்ளையின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டு. பின்னால் கால் விறைக்கலாம், நடக்கத் தாமதமாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம், இப்போதே பயிற்சி ஆரம்பித்தால் நல்லது என்றார் டாக்டர். குறைமாதப் பிள்ளைகளுக்குக் காரணமே இல்லாமலும் இது வரும் என்றும் சொன்னார். அதை நான் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வரும். காரணமே இல்லாமலும் வரும்.

மூச்சுக் குழாயை எடுத்தாகிவிட்டது. தானாக மூச்சு விடுகிறது. கையை நீட்டினால் விரலைப் பிடித்துக்கொள்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

"அன்னைக்குள்ள பதிவு மிஷின்ல இருக்கும்ல, கம்பெனி ஆளை வரச்சொல்லி எடுத்து வச்சிருங்க சலோமி. மாசக் கூட்டத்துல பேசணும்" என்றார் டாக்டர்.

அந்த மிஷின் நிமிடத்துக்கு நிமிடம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. எண், கோடு, யார் எந்தப் பட்டனை எப்போது அமுக்கினார்கள், எல்லாம். பதினைந்து நாள் வைத்திருக்கும். பிறகு பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும்.

சரி டாக்டர் என்றேன்.

ஜூன் 26, வியாழன்

கம்பெனி ஆளுக்குப் போன் போடவில்லை. ஆள் குறைவு, நிற்க நேரமில்லை.

இரவு சாப்பிடும்போது எட்வின், "என்னட்டி, சோத்தைப் பெசைஞ்சுகிட்டே இருக்க? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குங்கற மாதிரில்லா இருக்கு ஒம் மூஞ்சி. எங்கிட்டச் சொல்லாம புதுச்சேலை எதுவும் எடுத்துட்டியா?" என்று சிரித்தார்.

எரிந்து விழுந்தேன். பாவம், தட்டோடு எழுந்து டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 30, திங்கள்

இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். வயிற்றுவலி என்று சொன்னேன். வீட்டில் ஜன்னல் திரை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். பருப்பு டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தேன். மொட்டை மாடியைக்கூடக் கூட்டினேன்.

ஜூலை 3, வியாழன்

டாக்டர் கேட்டார். ஐயோ, மறந்தே போனேன் டாக்டர் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, விடுங்க" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது இரண்டு கிலோ. பேச்சித்தாய் ஒரு புதுத் துண்டில் வாங்கிக்கொண்டாள். இசக்கி கையை நீட்டினாள். "நீ தொடாத. பாலைப் பீச்சிக் குடு, போதும். ஒங் கை பட்டா எதுவும் வெளங்காது" என்று தள்ளிவிட்டாள். சுடலைமணி ஆட்டோ சாவியைத் திருகிக்கொண்டு நின்றான்.

நான் சொல்லியிருக்கலாம். நான்கு பேர் நின்றோம், வேறு யாருமில்லை. "அப்படிச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அதை யாரும் சொல்லிவிடலாம்.

போகும்போது இசக்கி திரும்பி வந்தாள். குனிந்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் என் காலைப் பிடித்துவிட்டாள். "ஒங்க பேச்சைக் கேக்காமப் போனேன் சிஸ்டர். என்னைய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பதான் எனக்கு ஒறக்கம் வரும்."

சொன்னேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பாவ அறிக்கை ஜெபத்தில் எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். சத்தமாகச் சொல்வதில் ஒரு வசதி, தனியாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. வரும்போது ஆட்டுக்கறி வாங்கினோம். சமைத்தேன், எட்வின் சாப்பிட்டார்.

ஜூலை 28, திங்கள்

இசக்கி பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். தாய் இல்லை. பேச்சித்தாயும் சுடலைமணியும் மட்டும். புட்டிப்பால்.

வலது கால் கொஞ்சம் விறைப்பு. பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் காலை மடக்கி நீட்டிக் காட்டினார். தினம் மூன்று வேளை, ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. பேச்சித்தாய், "எனக்கு இதெல்லாம் வராதுய்யா. மாட்டைப் பாப்பனா, இதைப் பாப்பனா?" என்றாள்.

"இசக்கி எங்க?" என்று கேட்டேன்.

"அவ ஆத்தா வீட்டுல விட்டாச்சு. ஊர்க்காரவ சொல்லியாச்சு, இப்படிப்பட்டவ கையில புள்ள இருக்கப்புடாதுன்னு. ஆவணி பொறக்கவும் ரெண்டு வீட்டு ஆளும் உக்காந்து கல்யாணத்தைத் தீத்து விட்டுருவோம். புள்ள எங்களோட. அவளுக்கு இனி ஒரு சோலியும் இல்ல."

"அவ சம்மதிச்சிட்டாளா?"

சுடலைமணி முதல் தடவையாகப் பேசினான். "அவளே சொல்லிட்டா சிஸ்டர். நான் தொட்டா ஆகாது, நீங்களே வச்சிக்கிடுங்கன்னு."

ஆவணி பிறக்க இன்னும் இருபது நாள்.

ஜூலை 29, செவ்வாய்

இந்த நோட்டில் ஜூன் 16ஆம் தேதி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நெற்றியில் மை இருந்தது, காலையில் அவள் வைத்திருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட கள்ளி! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைவிட மோசம். எனக்கு ஆடத் தெரியும்.

நடந்தது இது.

அன்று காலை எட்டு மணிக்கு இசக்கி மை வைத்தாள், நிஜம். ஒன்பது மணிக்கு நான் ஸ்டிக்கரைச் சரிபார்த்தேன். மையைப் பார்த்தேன். திட்டிக்கொண்டே எண்ணெய்ப் பஞ்சால் துடைத்தேன், கழுவினேன், உலர்த்தினேன், புது ஸ்டிக்கர் ஒட்டினேன். நெற்றி சுத்தம். எண் எழுபது.

பத்து இருபதுக்குக் கத்தியது. நான் பக்கத்துப் பிள்ளைக்கு ஊசிக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. காலில் உள்ள கிளிப் தொண்ணூற்றாறு காட்டியது. கால் நன்றாக இருக்கிறது, தலை மட்டும் எப்படிக் குறையும், மறுபடியும் அவள் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குப் பிறகு அவள் உள்ளே வரவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். பட்டனை அமுக்கினேன். மறுபடி கத்தியது, மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை எரிச்சலில் அலாரம் கத்த வேண்டிய எண்ணையே ஐம்பத்தைந்திலிருந்து நாற்பதுக்கு இறக்கிவிட்டேன். அதன்பிறகு அது கத்தவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது, நான் மூடிவிட்டதால்.

அந்தக் கோடுகளை நான் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். ஐந்து கோடுகளும் நிறைந்திருந்தன.

டாக்டர் கேட்டதும் மை என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதல்ல. அதன்பிறகு நாற்பது நாளாக யோசித்துத்தான் சும்மா இருந்தேன். வேலை போய்விடுமே, இத்தனை வருடப் பெயர் போய்விடுமே, அந்தச் சின்ன நர்ஸ்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றெல்லாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள். பழி விழுந்த இடத்தில் ஒரு பெண் பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டர் ஷமீமாவிடம் சொன்னேன். சொல்வதற்கு ஒரு வாரம் ஆயிற்று. முதலில் அறைக்குப் போய் லீவு கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் சும்மாவே போய்விட்டு வந்தேன். இன்று உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பதிவை ஏன் எடுக்கல?"

"அதான் டாக்டர். இதுக்காகத்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "மருந்து ஊத்தினா நுரையீரல் சீக்கிரம் சரியாகும், மூச்சு மிஷினைக் குறைக்கணும்னு எனக்குத் தெரியும். காலைல வந்து பார்த்திருக்கணும். ஓபில வெளிநோயாளிகளைப் பாக்க உக்காந்துட்டேன். மைன்னு நீங்க சொன்னது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு சலோமி. பதிவு போச்சுன்னதும் நானும் ஏன்னு கேக்கல" என்றார்.

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக் குடுங்க. என் பங்கை நானும் எழுதுறேன்" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதிக் கொடுத்தாயிற்று. நிர்வாக அதிகாரி இரண்டு தடவை படித்தார். விசாரணை முடிகிறவரை நான் டூட்டிக்கு வர வேண்டாம், அந்தக் குடும்பத்தோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளக் கூடாது, சொல்ல வேண்டியதை நேரம் வரும்போது ஆஸ்பத்திரியே சொல்லும் என்றார்.

"எப்ப சார் நேரம் வரும்?"

"ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும்மா."

அவருக்கு ஆவணி ஒன்று என்றால் என்னவென்று தெரியாது.

வீட்டில் எட்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன்னோட நானும் வரட்டா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். புதுச்சேலைக் கதை இல்லை இது, பங்கு போட.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் ஆலங்குளம். முதலில் இசக்கியின் அம்மா வீடு. அவள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். இலையும் தூளும் தரையெல்லாம் சிதறின.

"புள்ளைக்கு என்ன சிஸ்டர்?"

"புள்ள நல்லாருக்கு. ஒங்கூட ஒரு எடத்துக்குப் போணும். வா."

அவளை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அது எனக்குச் சுலபம். ஆனால் பழி விழுந்தது அந்த வீட்டில். மூன்று தெரு தள்ளித்தான். வழியெல்லாம் என்ன சிஸ்டர், என்ன சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே போவதற்குள் திறந்தால் தெருவிலேயே சொல்லிவிட்டு ஓடிவிடுவேன் என்று பயம்.

சுடலைமணி ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். பேச்சித்தாய் பிள்ளையை மடியில் போட்டு வாசல் நடையில் உட்கார்ந்திருந்தாள். இசக்கியைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவளை எதுக்கு இங்கன கூட்டிட்டு வாரீய?"

நின்றபடியே சொன்னேன். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து இருபது, ஒன்றையும் விடவில்லை. மையை நான் துடைத்துவிட்டேன். அதன்பிறகு மிஷின் உண்மையைத்தான் சொன்னது. நான்தான் அதன் வாயை அடைத்தேன். பிறகு இவள் தலையில் போட்டேன். இவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

பேச்சித்தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"யம்மா, நல்ல மனசு ஒங்களுக்கு. இவ வந்து அழுதாளாக்கும்? பாவம் பாத்து ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிடுதீய. எந்த ஆஸ்பத்திரிக்காரி வந்து நான்தான் செஞ்சேன்னு சொல்லுவா? மிஷின்ல எல்லாம் பதிஞ்சிருக்கும்லா? அதைக் காட்டுங்க பாப்போம்."

"அழிஞ்சிட்டு. நான்தான் அழியவிட்டேன்."

"பாத்தியால தம்பி? அதுவும் இல்லையாம்!"

நான் எதிர்பார்க்காதது இது. அடிப்பார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். நம்பமாட்டார்கள் என்று நினைக்கவே இல்லை. அந்த ஒரு நாள் ஜன்னல் திரை துவைத்ததற்குக் கூலி இப்போது கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தால் பரவாயில்லை, அவளுக்கல்லவா கிடைக்கிறது.

இசக்கியைப் பார்த்தேன். அவளும் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இல்ல சிஸ்டர். நான் வச்சேன். எனக்குத் தெரியும்லா" என்றாள்.

"வச்ச. ஒம்பது மணிக்குத் தொடைச்சிட்டேன் இசக்கி."

"எதுல தொடைச்சீய?"

"எண்ணெய்ப் பஞ்சுல."

ஆட்டுவது நின்றது. "பால் குடுக்க வந்தப்ப பதினோரு மணி இருக்கும். என்னைய உள்ள விடல. வாசல்ல குப்பைத் தொட்டி பக்கத்துல நின்னேன். மேலாப்புல கறுப்பா ஒரு பஞ்சு கெடந்துச்சு. எண்ணெய் மினுமினுத்துச்சு. வேற யாரோ வச்ச மைன்னு நெனச்சேன்."

"அது ஒன்னோடதுதான். அன்னைக்கு வேற யாருக்கும் நான் தொடைக்கல."

சுடலைமணி வாளியைக் கீழே வைத்தான். இசக்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு ஒங்க காலைப் புடிச்சேனே. அப்பவே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிதான் மன்னிச்சேன்னு சொன்னீய."

"ஆமா."

அவள் கை ஓங்கியது. நான் நகரவில்லை. அந்தக் கை பாதியில் நின்று கீழே இறங்கியது. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும், அது அவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ.

அவள் பேச்சித்தாயிடம் போனாள். "புள்ளையக் குடுங்க மதினி."

பேச்சித்தாய் தம்பியைப் பார்த்தாள். "குடு அக்கா" என்றான் அவன். தலையைத் தூக்கவில்லை.

இசக்கிக்குப் பிள்ளையை எப்படித் தூக்குவது என்றே தெரியவில்லை. இரண்டு மாதத்தில் அவள் கையில் அது இருந்ததெல்லாம் வார்டில் நான் கொடுத்த கொஞ்ச நேரம்தான். கழுத்துக்குக் கீழே கை கொடு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே கொடுத்துவிட்டாள். மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்று வராந்தாவில் அழாத அழுகை. நானும் அழுதேன். எனக்கு அங்கே அழ உரிமை இல்லை என்று தெரிந்தும் நிற்கவில்லை.

நான் கிளம்பத் திரும்பினேன். "நில்லுங்க" என்றாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலுக்கு ஏதோ பயிற்சி சொன்னாவளாமே. அதைச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. பொறவு இந்தப் பக்கம் வரப்புடாது."

பாயை விரித்தாள். பிள்ளையைக் கிடத்தினாள். நான் எதிரே உட்கார்ந்து, வலது காலை எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு மடக்க வேண்டும், விறைத்தால் இழுக்காமல் எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று காட்டினேன். பிறகு அவளைச் செய்யச் சொன்னேன். அவள் மடக்கினாள், நான் எண்ணினேன். நான்காவதில் கால் விறைத்துக்கொண்டது. காத்திருந்தாள். தளர்ந்தது. பத்து வரை எண்ணினேன். அவள் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. இடது காலுக்கு மாறியபோது, "நான் எண்ணிக்கிடுவேன்" என்றாள்.

பன்னிரண்டரை பஸ்ஸில் திரும்பினேன்.